தாண்ட வேண்டியவர் நீங்கள் அல்ல!

நாகர்கோவிலுக்கு ரயிலில் போகும்போது, வள்ளியூர் வந்ததும் மேற்குப் பக்கத்து ஜன்னல் வழியாக எட்டிப் பாருங்கள். மேகம் இறங்காத நாளாக இருந்தால் மகேந்திரகிரி மலை கண்ணில் படும். 1,600 மீட்டருக்கு மேல் உயரம். அனுமான் இலங்கைக்குத் தாவியது இந்த மலையிலிருந்துதான் என்று இந்த வட்டாரத்தில் சொல்வார்கள். ஒடிசாவிலும் ஒரு மகேந்திரகிரி இருக்கிறது. அந்த வழக்குக்குள் நாம் புக வேண்டாம்!

இந்த மலையடிவாரத்தில், பணகுடிப் பக்கமாக, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ராக்கெட் எஞ்சின்களை இறுகக் கட்டி நிறுத்தி, எரியவிட்டுச் சோதிக்கும் இடம். புராணமாகட்டும், விஞ்ஞானமாகட்டும், ஆகாயத்தில் தாவுவதென்றால் இந்த மலைதான் வாய்த்திருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது தாவியவனைப் பற்றி அல்ல. தாவ ஆசைப்பட்டுக் கரையில் நின்றுவிட்ட அங்கதனைப் பற்றி.

வாலியின் மகன் அங்கதன், இளவரசுப் பட்டம் கட்டிச் சில மாதங்களே ஆனவன். சீதையைத் தேடித் தெற்கே போன கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். சுக்ரீவன் கொடுத்திருந்த ஒரு மாதக் கெடு கடந்துவிட்டது. வெறுங்கையோடு திரும்பினால் தலை தப்பாது என்ற பயம் வேறு. சீதை இலங்கையில் இருக்கிறாள் என்று சம்பாதி சொல்லிவிட்டான். நடுவே கடல்! ஒவ்வொருவரும் தம்மால் எவ்வளவு தூரம் தாவ முடியும் என்று சொன்னார்கள். போதவில்லை. கடைசியில் அங்கதன், தானே தாண்டிவிடுவதாகவும், திரும்பி வருவதுதான் சந்தேகம் என்றும் சொன்னான்.

வால்மீகி ராமாயணத்தில் இது அருமையான கட்டம். கிழவர் ஜாம்பவான் குறுக்கே வந்து தடுக்கிறார். நீ அனுப்ப வேண்டியவன், போக வேண்டியவன் அல்ல என்கிறார். பிறகு, ஒதுங்கி வாய் திறவாமல் உட்கார்ந்திருந்த அனுமானிடம் போய், அவனுடைய பலத்தை அவனுக்கே ஞாபகப்படுத்துகிறார். எந்தக் காலை முதலில் ஊன்ற வேண்டும், எந்த இடத்தில் மூச்சை அடக்க வேண்டும் என்றெல்லாம் அவர் பாடம் எடுக்கவில்லை!

புதிதாகப் பதவி உயர்வு பெற்ற நம் அதிகாரிகளுக்குப் பக்கத்தில் ஒரு ஜாம்பவான் இருப்பதில்லை. அதுதான் தொல்லை.

ஒரு வங்கிக் கிளையை நினைத்துக் கொள்ளுங்கள். நேற்று வரை கவுண்டரில் உட்கார்ந்து, ஒரு பைசா பிசகாமல் கணக்கு முடித்தவர் இன்று மானேஜர். கெட்டிக்காரர் என்பதால்தான் நாற்காலி கிடைத்தது. ஆனால் அந்தப் பழைய வேலை இப்போது வேறொருவர் கையில். இவருக்குக் கை துறுதுறுக்கிறது. போகிற கடிதங்களையெல்லாம் தம் மேஜைக்கு வரவழைக்கிறார். கால்புள்ளியைத் திருத்துகிறார். "முடிந்ததா? எது வரை வந்தது?" என்று அரைமணிக்கு ஒரு தரம் வாட்ஸ்அப்பில் விசாரிக்கிறார். ஊழியர்கள் ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கிறார்கள். அதன் பிறகு, யோசிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். எப்படியும் அவர் திருத்தத்தான் போகிறார், நாம் எதற்கு மெனக்கெட வேண்டும்? தப்பு அதிகமாகிறது. "பார்த்தீர்களா, நான் பார்க்காவிட்டால் இந்த ஆபீஸ் என்ன ஆகும்?" என்று மானேஜர் பெருமூச்சு விடுகிறார். வீட்டுக்குப் போனால் இரவு எட்டரை மணி.

ஆபீஸில் மட்டுமா? மருமகளிடம் அடுக்களையை ஒப்படைத்துவிட்டு, தாளிக்கும் நேரத்தில் மட்டும் தவறாமல் வாசற்படியில் வந்து நிற்கும் மாமியாரை நீங்கள் பார்த்ததில்லையா?

இதைக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் இது பயம். காரியம் கெட்டால் தன் பெயர் கெடுமே என்ற பயம். அது வீண் பயமும் அல்ல. ஆட்களை நம்பி விட்டுவிட்டால் காரியம் கெடவே கெடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1979-ல் நடந்ததைக் கேளுங்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் பயணம். 17 டன் எடை. திட்டத்தின் தலைவர், ராமேசுவரத்துக்காரரான அப்துல் கலாம். கிளம்பும் தறுவாயில், கோளாறு இருக்கிறது, நிறுத்து என்றது கம்ப்யூட்டர். சமாளித்துக் கொள்ளலாம் என்றார்கள் நிபுணர்கள். கலாம் அவர்களை நம்பி ராக்கெட்டைச் செலுத்தினார். பிற்காலத்தில் பல மேடைகளில் இதை அவரே சொல்லியிருக்கிறார். இரண்டாம் கட்டம் கட்டுக்கு அடங்கவில்லை. 317 விநாடிகளில் எல்லாம் முடிந்தது. பல வருஷத்து உழைப்பு வங்காள விரிகுடாவில்!

அப்போது விண்வெளி நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான். அன்று பத்திரிகைக்காரர்களை எதிர்கொண்டவர் அவர்தான். தோல்விக்குத் தாமே பொறுப்பு என்றார். தம் ஆட்கள் நன்றாக உழைத்தார்கள், அடுத்த முறை ஜெயிப்பார்கள் என்றார். ஆளை மாற்றவில்லை. கலாமின் தலைக்கு மேல் இன்னொருவரைக் கொண்டுவந்து உட்கார்த்தவும் இல்லை. என்ன பிசகு என்று அலசச் சொன்னார். இரண்டாம் கட்டத்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்தது தெரியவந்தது. திருத்தினார்கள். 1980 ஜூலை 18-ஆம் தேதி, 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோள் பூமியைச் சுற்ற ஆரம்பித்தது. அன்று பத்திரிகைக்காரர்களைச் சந்திக்கும்படி தவான் அனுப்பியது கலாமை!

தவானின் பெருந்தன்மையைப் பலரும் புகழ்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அந்தப் பெருந்தன்மை செய்த வேலை. திட்டு தலைவருக்கு, வேலை எங்களுக்கு என்று தெரிந்துவிட்டால், ஆட்கள் பிசகை மூடி மறைக்க மாட்டார்கள். பிசகு தானாக மேஜைக்கு வந்து சேரும்போது, அதைத் தேடி மேஜை மேஜையாக அலைய வேண்டிய அவசியம் தலைவருக்கு ஏது?

அப்படியானால் மேற்பார்வையே வேண்டாமா? வேண்டும். எங்கே, எப்போது என்பதுதான் கேள்வி. ராமன் அனுமானை அனுப்பியபோது என்ன கொடுத்தான்? சீதையின் அடையாளங்களைச் சொன்னான். தன் பெயரால் பேச ஒரு கணையாழியைக் கொடுத்தான். கெடு ஏற்கெனவே சுக்ரீவன் விதித்தது. வேண்டியது என்ன, எத்தனை நாளில், என்ன அதிகாரத்தோடு என்ற மூன்றும் தீர்ந்துவிட்டன. நம் அதிகாரிகளில் பலர் முதல் இரண்டைச் சொல்லிவிட்டு, மோதிரத்தை மட்டும் தம் விரலிலேயே வைத்துக் கொள்கிறார்கள்!

ராக்கெட்காரர்கள் சோதனையையும் முன்கூட்டியே குறித்து வைத்திருப்பார்கள். எந்த நேரத்தில் எதைப் பார்ப்பது, எந்த அளவு தாண்டினால் நிறுத்துவது என்று எழுதியே இருக்கும். 2013 ஆகஸ்ட் 19-ஆம் தேதி ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்ப 1 மணி 14 நிமிஷம் இருக்கையில், இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவு தெரிந்தது. அந்தக் கட்டத்தை இயக்குவது விகாஸ் எஞ்சின். அந்த இனத்துக்குப் பரீட்சை நடப்பது நம் மகேந்திரகிரியில். பயணத்தை உடனே நிறுத்தினார்கள். 2014 ஜனவரி 5-ஆம் தேதி ராக்கெட் வெற்றியோடு போய்ச் சேர்ந்தது. தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிற மேற்பார்வை அல்ல இது. இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் பார்ப்பேன் என்று எல்லாருக்கும் தெரிந்த மேற்பார்வை.

புது நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே ஒரு காகிதத்தை எடுங்கள். எது கெட்டால் திரும்பச் சரிசெய்ய முடியாது என்று எழுதுங்கள். பெட்டகச் சாவி, பெரிய கடன், ரொக்க இருப்பு என்று நாலைந்து தேறும். அவற்றை நாள் குறித்து நீங்களே பாருங்கள். அதையும் முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். மற்றவற்றில், "சார், இதை எப்படிச் செய்வது?" என்று ஒருவர் வந்து நின்றால், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை பேசாமல் இருக்க வேண்டும். இருப்பதிலேயே கஷ்டமான வேலை அதுதான்!

இன்றைக்கு மேஜைக்கு வந்திருக்கும் அந்தக் கடிதத்தில் விஷயம் சரியாக இருந்து, நடை மட்டும் உங்கள் நடையாக இல்லாவிட்டால், பேனாவை மூடிவிட்டுத் தபாலுக்கு அனுப்பிவிடுங்கள். வாங்கிப் படிக்கப் போகிறவருக்கு உங்கள் நடை எப்படியிருக்கும் என்று தெரியவே தெரியாது.