வலைக்குண்டு வார்க்கும் வீட்டில் பிள்ளை

ஈச்சிலம்பற்றுப் பக்கம் கடலையும் வெருகலாற்றையும் நம்பிப் பிழைக்கும் வீடுகளுக்கு வலையில் கோக்கும் ஈயக்குண்டு புதிதல்ல. கரையோரங்களில் பழைய ஈயத்தை வீட்டிலேயே உருக்கிக் குண்டு வார்ப்பவர்களும் உண்டு. சமைக்கிற அடுப்பில் அதைச் செய்தால், அதன் புகை பாயிலும் திண்ணையிலும் தூளாகப் படியும். தவழும் பிள்ளை அந்தத் தூள் ஒட்டிய கையைத்தான் வாயில் வைக்கும். குண்டைக் கடித்து விளையாடும் பிள்ளையும் இருக்கிறது. பழைய பற்றரி உடைக்கும் இடங்களிலும் இதே ஆபத்துத்தான்.

விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடல் பத்தில் ஒரு பங்களவே ஏற்கும். சிறுபிள்ளையின் உடல் பாதிவரை ஏற்கும். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைக்கு இன்னும் கூடும். ஈயம் கல்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு மூளைக்குள் போய், நரம்புக் கலங்களின் வேலையைக் குழப்பும். எலும்பில் பல்லாண்டு தங்கியிருந்து, கர்ப்ப காலத்தில் தாயிடமிருந்து கருவுக்கும் போகும்.

பெரும்பாலும் காய்ச்சலோ வலியோ இருக்காது. சென்னையில் 3 முதல் 7 வயதுவரையான 756 பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, இரத்தத்தில் ஈயம் கூடியவர்களிடம் கவனக்குறைவு கூடுதலாக இருந்தது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 11 வயதில் ஈயம் கூடுதலாக இருந்தவர்கள் 38 வயதிலும் அறிவுத்திறன் சோதனையில் பின்தங்கியே இருந்தார்கள். வகுப்பில் கவனமில்லை என்று அடி வாங்கும் பிள்ளையை, அடிக்க முன் ஒருதரம் பரிசோதித்துப் பார்க்க வேண்டாமா?

இலங்கையில் பெற்றோலிலிருந்து ஈயம் 2002இல் நீக்கப்பட்டது. பெயின்றில் உள்ள ஈயத்தின் விஷயம் நீதிமன்றம்வரை போனது: சுற்றாடல் நீதிக்கான மையம் 2011இல் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பெயின்றில் ஈயத்துக்கு உச்சவரம்பு 2013 முதல் நடைமுறைக்கு வந்தது. பெயின்றிலோ விளையாட்டுப் பொருளிலோ சந்தேகம் இருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஊருக்குள் பற்றரி உடைத்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் உடலில் ஈயம் சேர்ந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், வீட்டில் ஈயம் உருக்குவதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள். டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே மூலத்தைத் தேடி அகற்றச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈயத்தை வெளியேற்ற மருந்து உண்டு. இழந்த அறிவாற்றலை அது திருப்பித் தராது. ஆகவே குண்டு வார்ப்பதை இன்றே வீட்டை விட்டு வெளியே கொண்டுபோங்கள். வேலை முடிந்ததும் குளித்து உடுப்பு மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள்.