கொழுந்து யாருடையது?

'பிலாங் டு' என்ற ஆங்கில வினைக்கு அகராதியில் 'சொந்தமானது', 'உரியது' என்று பொருள் இருக்கும். அந்த வினைக்கு உரிமை யாருடையது என்பதுதான் முக்கியம்; பொருள் யார் கையில் இருக்கிறது என்பது அல்ல. மலேசியாவின் கேமரன் மலையில் திரிங்காப் வட்டாரத்தைப் பாருங்கள். அங்கே பல காய்கறித் தோட்டங்கள் பகாங் மாநில அரசின் தற்காலிக உரிமத்தில் நடந்துவந்தவை. மண்ணைக் கொத்துவதும் முட்டைக்கோஸை லாரியில் ஏற்றுவதும் விவசாயிதான். ஆனாலும் 'தி லேண்ட் பிலாங்ஸ் டு' என்று தொடங்கினால் வாக்கியம் அரசிடம் போய்த்தான் முடியும். தமிழில் இந்த வேறுபாட்டை உருபே காட்டிவிடும். 'அவரிடம் நிலம் இருக்கிறது' என்றால் கைவசம். 'அவருக்கு நிலம் இருக்கிறது' என்றால் உடைமை. உடைமை ஒரு நிலை, செயல் அல்ல. அதனால்தான் 'இஸ் பிலாங்கிங் டு' என்பது பிழை.

உடைமையை நம் இலக்கணம் இன்னும் நுணுக்கமாகப் பிரித்திருக்கிறது. ஆறாம் வேற்றுமைக்கு நன்னூல் தற்கிழமை (பொருளோடு ஒன்றியிருக்கும் உடைமை), பிறிதின்கிழமை (பொருளுக்கு வேறாக நிற்கும் உடைமை) என்று இரண்டு பொருள் சொல்கிறது. தேயிலைச் செடியில் இரண்டு இலையும் மொட்டுமான கொழுந்து உறுப்பு. அதன் பச்சை பண்பு. கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட்டுச் சிவக்கவிட்டு, உலர்த்தினால் வரும் தூள் திரிபின் ஆக்கம், நெல் பொரியாவதைப் போல. மூன்றும் தற்கிழமை. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய 'போ' தேயிலைத் தோட்டத்துக்கு அந்தத் தூள் உரியது என்றால் அது பிறிதின்கிழமை, விற்றதும் கைமாறிவிடும். 'பிலாங் டு' இயல்பாகப் பொருந்துவது இந்தக் கடைசி இடத்தில்தான். இலையின் பச்சையைச் சொல்ல ஆங்கிலேயர் இந்த வினையைத் தேடமாட்டார்.

உடைமை இல்லாத இடத்திலும் 'பிலாங் டு' வருகிறதே என்று கேட்கலாம். வரும். தேயிலை கமேலியாப் பேரினத்தைச் சேர்ந்தது என்று தாவரவியலும், இன்னார் தொழிற்சங்கத்தைச் சேர்ந்தவர் என்று செய்தித்தாளும் எழுத இதே வினைதான். ஆனால் அங்கெல்லாம் பின்னால் நிற்பது ஒரு குழு, ஊர் அல்ல. 'திரிங்காப்பைச் சேர்ந்தவன்' என்பதை அப்படியே 'ஐ பிலாங் டு திரிங்காப்' என்று மாற்றினால், கவிதையில் வேண்டுமானால் எடுபடும். விண்ணப்பத்தில் ஊர் ஆளை வாங்கி வைத்திருப்பதுபோல் ஒலிக்கும். லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தமாக இருந்து, வேலை போனால் வீடும் போன தோட்டப்புறத்து மக்களுக்கு இந்த வாக்கியம் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்த வேண்டும். ஊரைக் கேட்டால் 'ஐ ஆம் ஃபிரம் திரிங்காப்' என்றே எழுதுங்கள்.