பளபளப்பில் தொலையும் காசுகள்

வரலட்சுமி நோன்பு முடிந்து கலசத்தைக் கலைக்கும்போது, சென்னை கோபாலபுரத்தில் எங்கள் தெருவின் பல வீடுகளில் அரிசிக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் மஞ்சள் கிழங்குக்கும் நடுவிலிருந்து ஒரு வெள்ளி ரூபாய் வெளியே வரும். விக்டோரியா ராணி தலை போட்டது. மாமியாரோ பாட்டியோ கொடுத்தது. அதற்கு விபூதி போட்டு அழுத்தித் தேய்த்து, வெல்வெட் டப்பாவில் வைத்துப் பூட்டினால் அடுத்த ஆடி, ஆவணிவரை கவலையில்லை. கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள், பழங்காசு சேர்ப்பவள் என்பதால் இந்தக் காசுகள் என்னிடமும் வரும். பெரும்பாலும் தேய்த்த பிறகுதான் வரும்.

"மாமி, எப்படி மின்னறது பாருங்கோ, எவ்வளவு பெறும்?" என்று பக்கத்து வீட்டுப் பெண் நீட்டியது 1862-ஆம் ஆண்டு ரூபாய். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தேன். ராணியின் கன்னத்திலும் கழுத்திலும் தலைமுடி மாதிரி மெல்லிய கீறல்கள், எல்லாம் ஒரே சாய்வில், விரல் போன திசையில். உடையின் பூ வேலைப்பாடு மழுங்கி மேடாக நின்றது. பின்பக்கம் 1862 என்ற எண்ணைச் சுற்றி வெறும் வழவழப்பு. அங்கேதான் எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த ரூபாயை அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் 1862 என்ற எண்ணை மாற்றாமலே அச்சடித்தார்கள். பல காசுகளில் ஆண்டெண்ணுக்குப் பக்கத்தில் குண்டூசி முனையளவு புள்ளிகள் உண்டு. எந்தக் காசு எப்போது அச்சானது என்று சேகரிப்பாளர்கள் கணிப்பது அவற்றை எண்ணித்தான். இந்தக் காசில் புள்ளி இருந்ததா, இருந்து தேய்ந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

வெள்ளி ஏன் கறுக்கிறது? காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள், முக்கியமாகச் சாக்கடை வாடையில் வரும் ஹைட்ரஜன் சல்பைடு, வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகிறது. கூவமும் பக்கிங்ஹாம் கால்வாயும் ஓடும் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. அந்தக் கறுப்பில் இருப்பதும் காசின் வெள்ளியேதான். தேய்க்கத் தேய்க்க அந்த வெள்ளி துணியோடு போகிறது. சாண விபூதியில் மாடு தின்ற வைக்கோலின் சிலிக்கா தங்கியிருக்கும். அது மிக நைசான உப்புத்தாள் மாதிரி வேலை செய்கிறது. குத்துவிளக்குக்கு அது சரி. 11.66 கிராம் எடையில் ராணியின் முகத்தை மயிரிழை ஆழத்தில் செதுக்கிய காசுக்கு ஆகாது.

செப்புக் காசுக்குப் புளி. புளியின் டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைத்து, உள்ளே இருக்கும் வெறும் செம்பை இளஞ்சிவப்பாக வெளியே காட்டும். கையோடு ஒரு சிட்டிகை உப்பும் சேர்ப்பார்கள். ஆபத்து அந்த உப்பில்தான் இருக்கிறது. குளோரைடு செம்புக்குள் புகுந்துவிட்டால், ஈரமும் காற்றும் பட்டு, வெளிர்பச்சைப் பொடியாக வெடித்துக் கிளம்பும். அந்த வினையில் அமிலம் பிறக்கிறது. அமிலம் மேலும் செம்பைத் தின்கிறது. வெண்கல நோய் என்று இதற்குப் பெயர். அடர்பச்சையாகவோ பழுப்பாகவோ கெட்டியாக ஒட்டியிருக்கும் களிம்பு காசுக்குக் கவசம்; அதைத் தொடக்கூடாது. குச்சியால் தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சைதான் நோய். அந்தக் காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துத் தனியாக, உலர்வாக வையுங்கள்.

இந்த நோய்க்கு வைத்தியம் பார்த்ததில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கியது. அங்கே எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் வெண்கலப் படிமங்களின் அரிப்பை நீக்கினார். அத்தகைய வேலையை அத்தகைய கூடத்தில் செய்ய வேண்டும். வீட்டில் செய்தால் எழுத்தே அழியலாம். ஒரு கறுத்த செப்புக் காசில் 'பெருவழுதி' என்ற தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகளை, தினமலர் ஆசிரியராக இருந்த நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் படித்துச் சொன்னார். ஒரு சங்கப் பாண்டியன் பெயர் காசிலேயே கிடைத்தது. யாராவது அதை முன்பே புளியில் ஊறப்போட்டிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்யலாம்? மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் மட்டும் போக்கலாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் காசை ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றுங்கள். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு, மெட்ரோ வாட்டரில் குளோரின், இரண்டும் வேண்டாம். பிறகு மெத்தென்ற பருத்தித் துணியில் வைத்து ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். பசை, பிளாஸ்டிக் பிசுக்கு இருந்தால் கெமிக்கல் கடையில் கிடைக்கும் சுத்தமான அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பிலிருந்தும் பூஜை விளக்கிலிருந்தும் தள்ளி முக்கி எடுக்கலாம். நெயில் பாலிஷ் ரிமூவரில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது உதவாது. 1960-களில் வந்த அலுமினியப் பைசாக்களுக்கு அமிலமும் ஆகாது, சோடாவும் ஆகாது. காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள், கீழே ஒரு துண்டை விரித்துக்கொண்டு. விரல் வியர்வை செம்பில் பதிந்தால் ரேகையோடு நிற்கும்.

சுத்தம் செய்வதைவிடச் சேமிப்பதில்தான் நான் கண்டிப்பு. கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கிறது. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் ஆல்பங்கள் பெரும்பாலும் பி.வி.சி.; திறந்ததும் புது ரெக்சின் வாடை அடிக்கும். சில வருடங்களில் அது கசிந்து காசின்மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள். ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, செய்தித்தாள் எதுவும் வெள்ளிக்கு அருகே வரக்கூடாது. பாச்சை உருண்டையும் வேண்டாம். மர டப்பாவும் அமில ஆவி விடும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று அச்சிட்ட, காற்றுப் புகாத சமையலறை டப்பா ஒன்று போதும். உள்ளே நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, கோத்ரெஜ் பீரோவில், குளியலறைச் சுவர் ஒட்டாத பக்கத்தில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் எடுத்து மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு உறையோடும் ஒரு சீட்டு வையுங்கள்: காசு யாருடையது, எந்த ஊரிலிருந்து, எந்தக் கல்யாணத்தில் வந்தது. பென்சிலால் எழுதுங்கள், மை கசியும். சீட்டு காசில் படாமல் உறைக்கு வெளிப்புறம் இருக்கட்டும்.