எந்தக் காலத்து எலும்பு?

2018 மார்ச் மாதம் இலங்கையின் மன்னார் நகரில் சதொச விற்பனை நிலையக் கட்டடம் ஒன்றுக்காக மண் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் தொடங்கிய அகழ்வு மாதக்கணக்கில் நீண்டது. எலும்புக்கூடுகளின் எண்ணிக்கை 300ஐத் தாண்டியது. இருபதுக்கும் மேற்பட்டவை குழந்தைகளுடையவை. போர்க்காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் அந்தக் குழியிலிருந்து ஒரு பதில் வரும் என்று காத்திருந்தார்கள். ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. 2019 மார்ச்சில் முடிவு வந்தது: அவை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை.

குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. குழியில் எலும்புகளோடு கிடைத்த மற்றப் பொருட்களை என்ன செய்வது, 300 பேரின் கதையை ஆறு மாதிரிகள் சொல்லிவிடுமா என்று அவர்கள் தரப்பில் கேட்டார்கள். அந்தக் கேள்விகளில் உணர்ச்சி மட்டும் இல்லை, அறிவியலும் இருந்தது.

மண்ணுக்குள்ளிருந்து வரும் எலும்பு எந்தக் காலத்தது என்பதை வைத்தே அது யார் கைக்குப் போகும் என்பது முடிவாகிறது. ஐந்நூறு ஆண்டு என்றால் தொல்லியலாளர் கைக்கு. முப்பது ஆண்டு என்றால் சட்ட மருத்துவர் கைக்கு. முன்னவர் அந்த மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்பார். பின்னவர் இவர் பெயர் என்ன, எப்படி இறந்தார், யார் காரணம் என்று கேட்பார். ஆனால் இருவரும் தோண்டும் முறை ஒன்று, அளக்கும் எலும்பு ஒன்று. இலங்கையின் அகழ்வுகள் பலவற்றில் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவவும் சட்ட வைத்திய அதிகாரிகளும் ஒரே குழியில் வேலை செய்ததற்குக் காரணம் இதுதான்.

காலத்தைச் சொல்வதில் முதலில் நினைவுக்கு வருவது கார்பன் கணிப்பு. உயிரோடு இருக்கும்வரை உணவின் வழியே கதிரியக்கக் கார்பன் உடலில் சேர்ந்துகொண்டே இருக்கும். இறந்தபின் புதிதாகச் சேராமல், இருந்தது சிதைந்து சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்தால் இறந்த காலத்தை ஏறத்தாழச் சொல்லலாம். ஆனால் 1650க்கும் 1950க்கும் இடைப்பட்ட காலத்துக்கு இந்த முறை மங்கலாகவே பதில் தருகிறது. வளிமண்டலத்தில் கதிரியக்கக் கார்பனின் அளவு அப்போது ஏறி இறங்கியதால், ஒரே அளவு பல காலங்களுக்குப் பொருந்திவிடுகிறது. கடல் மீனை மிகுதியாக உண்டு வாழ்ந்தவரின் எலும்பு உண்மையைவிடச் சில நூறு ஆண்டுகள் பழையதாகவும் காட்டக்கூடும். கடலிலுள்ள கார்பன் காற்றிலுள்ளதைவிடப் பழையது என்பதே காரணம். மன்னார் போன்ற கரையோரத்தில் இந்தத் திருத்தத்தைப் போட்டுத்தான் எந்த முடிவையும் வாசிக்க வேண்டும்.

1950க்குப் பிந்தைய காலத்துக்கு வேறொரு குறி இருக்கிறது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானத்தில் வெடித்த அணுகுண்டுகள் காற்றிலிருந்த கதிரியக்கக் கார்பனின் அளவை வட அரைக்கோளத்தில் ஏறக்குறைய இரு மடங்காக்கின. 1963 தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு அது மெல்ல இறங்கியது. ஆகவே 1990களில் இறந்த ஒருவரின் உடலில் அந்தக் கூடுதல் கார்பன் இருந்தே தீரும். பல்லின் எனாமல் சிறுவயதில் ஒருமுறை உருவானபின் புதுப்பிக்கப்படுவதில்லை. அதிலுள்ள கார்பனை அளந்து பிறந்த ஆண்டையே சில ஆண்டு வித்தியாசத்தில் சொல்லிவிடுகிறார்கள். எலும்போ வாழ்நாள் முழுதும் மெதுவாகப் புதுப்பிக்கப்படுவது. முதியவரின் தொடை எலும்பில் பல பத்தாண்டுகளின் கார்பன் கலந்திருக்கும். பல்லையும் எலும்பையும் சேர்த்து அளப்பவர்களுக்கே தெளிவான பதில் கிடைக்கும்.

மன்னார் முடிவை இந்த அறிவோடுதான் எடைபோட வேண்டும். மீன் உணவு கணக்கைச் சில நூறு ஆண்டுகள் தள்ளிவைக்கலாம். அணுகுண்டுக் கார்பனை அது மறைத்துவிடாது. சோதித்த மாதிரிகள் அண்மைக் காலத்தவை அல்ல என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் ஆறு மாதிரிகள் தங்களைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். ஒரே இடத்தில் வெவ்வேறு காலத்தில் புதைப்பது எங்கும் நடப்பதுதான். அதைவிட எனக்கு வருத்தம் தருவது இன்னொன்று. அவை பழையவையே என்று வைத்துக்கொண்டாலும், 1404 முதல் 1635 வரையான காலம் மன்னாருக்குச் சாதாரணக் காலமல்ல. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி அங்கே கத்தோலிக்கத்தைத் தழுவியவர்களைக் கொன்றான். 1560இல் போர்த்துக்கேயர் மன்னார்த் தீவைப் பிடித்தார்கள். இத்தனை குழந்தைகளும் பெரியவர்களும் ஒன்றாகக் கிடந்த குழி, பழையது என்பதாலேயே கேள்வியற்றதாகிவிடுமா? வழக்கு முடியும் இடத்தில் வரலாற்று ஆய்வு தொடங்கியிருக்க வேண்டும்.

காலத்தைச் சொல்லும் இன்னொரு சாட்சி, எலும்போடு கிடக்கும் பொருள். 2012இன் இறுதியில் மாத்தளை மருத்துவமனை வளாகத்தில் 150க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தபோது, உடன் கிடைத்த பொருட்களை வைத்து அவை 1980களின் பிற்பகுதியைச் சேர்ந்தவை என்றார் சோமதேவ. ஜே.வி.பி. கிளர்ச்சி நசுக்கப்பட்ட காலம் அது. பின்னர் கார்பன் சோதனை 1950க்கு முற்பட்டவை என்றது. மண்ணும் ஆய்வகமும் முரண்பட்டு நின்றன. 2023இல் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டியபோது வெளிப்பட்ட குழியில் அந்தச் சிக்கல் எழவில்லை. அங்கே 52 பேரின் எச்சங்களோடு சீருடைத் துணிகளும் கிடைத்தன. 1994க்கும் 1996க்கும் இடைப்பட்ட புதைப்பு என்று அறிக்கை சொன்னது.

ஒரு பொருள் சாட்சியாக நிற்க வேண்டுமானால் அது எங்கே கிடந்தது என்பது பதிவாகியிருக்க வேண்டும். எலும்புக்கு அடியில் இருந்ததா, மேலேயா, பின்னால் யாரோ கொட்டிய குப்பை மண்ணிலா? எலும்பு அகப்பட்ட உடனே கையால் இழுத்து எடுத்தால் இந்தப் பதில் போய்விடும். அதனால்தான் முதலில் குழியின் விளிம்பைத் தேடுகிறார்கள்; ஒருமுறை கிளறிய மண்ணின் நிறமும் இறுக்கமும் சுற்றியுள்ள மண்ணிலிருந்து மாறியிருக்கும். பிறகு கரண்டியும் தூரிகையும் கொண்டு எலும்பைச் சுற்றி மண்ணை அகற்றி, அசைக்காமல் படம் எடுத்து, வரைந்து, ஆழத்தை அளக்கிறார்கள். கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தனவா, உடல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தவாறு கிடந்தனவா, கிடத்தி அடக்கம் செய்தார்களா என்பது இப்போது மட்டுமே தெரியும். தூக்கிவிட்டால் அந்தக் காட்சியை எவராலும் திரும்ப அமைக்க முடியாது.

ஆர்ஜென்டினா இதைக் கசப்பான முறையில் கற்றது. 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் காணாமல் ஆக்கப்பட்டனர். ஆட்சி விழுந்ததும் அடையாளமற்ற புதைகுழிகளைப் புல்டோசர் கொண்டு கிளறினார்கள். எலும்புகள் உடைந்து ஒன்றோடொன்று கலந்தன. 1984இல் அங்கே போன அமெரிக்க மானிடவியலாளர் கிளைட் ஸ்னோ அதை நிறுத்தச் சொல்லி, மாணவர்கள் சிலரைச் சேர்த்துத் தொல்லியல் முறையில் தோண்டப் பழக்கினார். அந்த இளைஞர்கள் உருவாக்கிய ஆர்ஜென்டின தடயவியல் மானிடவியல் குழு இன்று பல நாடுகளின் புதைகுழிகளில் பணியாற்றுகிறது. 1985இல் ராணுவத் தளபதிகள் மீதான விசாரணையில் ஸ்னோ எலும்புகளின் படங்களோடு சாட்சி சொன்னார்.

ஆய்வுக் கூடத்து மேசையில் முதலில் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். எலும்புகள் கலந்து கிடந்தால் இடது தொடை எலும்புகளை எண்ணுவார்கள். ஒருவருக்கு இரண்டு இடது தொடை இருக்க முடியாது. ஆணா பெண்ணா என்பதை இடுப்பெலும்பு சொல்லும். பெண்ணின் இடுப்பு அகன்று, முன்புறக் கோணம் விரிந்திருக்கும். ஆனால் பருவமடையாத பிள்ளையின் எலும்பைப் பார்த்து இதைச் சொல்வது நம்பத்தக்கதல்ல. பிள்ளைகளின் வயதைச் சொல்வதுதான் எளிது. எந்தப் பல் முளைத்திருக்கிறது, எந்த எலும்பின் நுனி தண்டோடு ஒட்டிவிட்டது என்று பார்த்தால் போதும். கடைசியாக ஒட்டுவது காறை எலும்பின் உள்முனை; இருபதுகளின் பிற்பாதிவரை அது காத்திருக்கும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்துப் பதினைந்து ஆண்டு இடைவெளியில் சொன்னாலே பெரிது.

உயரக் கணக்கு பலரும் அறிந்தது. தொடை எலும்பின் நீளத்தைச் சூத்திரத்தில் போட்டால் உயரம் வரும். இன்றும் அதிகம் பயன்படும் சூத்திரங்களை 1952இல் மில்ட்ரெட் ட்ராட்டரும் கோல்டின் கிளெசரும் முக்கியமாக இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்கப் படைவீரர்களை அளந்து உருவாக்கினார்கள். யாழ்ப்பாணத்து மீனவரின் காலுக்கும் உடலுக்கும் உள்ள விகிதம் அதே அளவாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. எந்த மக்களின் எலும்பை அளக்கிறோமோ அந்த மக்களுக்கான சூத்திரம் வேண்டும்.

எலும்பு உடைந்த நேரத்தையும் படிக்கலாம். உடைந்து ஆறத் தொடங்கியிருந்தால் விளிம்பு மழுங்கிப் புது எலும்பு படிந்திருக்கும். அவர் அடிபட்டபின் வாரக்கணக்கிலாவது உயிரோடிருந்தார். ஈரப்பதமுள்ள எலும்பு சாய்வாக, வழவழப்பாகப் பிளக்கும். அது மரண வேளைக் காயம். உலர்ந்த எலும்பு சொரசொரப்பாக முறியும், முறிந்த இடம் வெளிறியிருக்கும். அது பெரும்பாலும் மண்வெட்டியின் வேலை. மண்டையோட்டில் குண்டு நுழைந்த துளை உட்புறம் விரியும், வெளியேறிய துளை வெளிப்புறம் விரியும். எனினும் மென்தசையை மட்டும் துளைத்த குண்டும், மூச்சடைப்பும் பெரும்பாலும் எலும்பில் தடம் விடுவதில்லை. காயம் காணவில்லை என்று எழுதுவதற்கும் கொல்லப்படவில்லை என்று எழுதுவதற்கும் உள்ள தூரத்தை நீதிமன்றங்கள் மறக்கக் கூடாது.

எலும்பிடம் தவறான கேள்வி கேட்ட காலமும் உண்டு. ஆதிச்சநல்லூர்த் தாழிகளிலிருந்து எடுத்த மண்டையோடுகளை 1930இல் சாலி சக்கர்மேன் ஆராய்ந்தபோது, எந்த இனம் என்பதே அன்றைய அறிஞருலகின் முதல் கேள்வி. மண்டையின் நீள அகலத்தை வைத்து மனிதரை இனங்களாகப் பிரித்த அந்த முறை இன்று கைவிடப்பட்டுவிட்டது. அதே எலும்புகளிடம் இப்போது வேறு கேட்கலாம்: எனாமலில் உள்ள வரிப்பள்ளங்கள் எந்த வயதுப் பட்டினியைக் காட்டுகின்றன, பல்லிலுள்ள ஸ்ட்ரான்ஷியம் எந்த ஊர் நிலத்தில் வளர்ந்ததைக் காட்டுகிறது? ராஜஸ்தானின் பாலாதலில் சுமார் 4,000 ஆண்டுக்கு முந்தைய எலும்புக்கூட்டில் தொழுநோயின் தடம் தெரிந்தது இப்படித்தான்.

மரபணுவும் இருக்கிறது. வெப்ப நாட்டு மண்ணில் அது வேகமாக அழியும். சிந்துவெளி நாகரிக இடமான ராகிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்து ஒரே ஒரு பெண்ணின் மரபணுத் தொகுதியையே படிக்க முடிந்தது. உட்காதைச் சூழ்ந்த கெட்டியான எலும்பில்தான் அது நெடுநாள் தங்குகிறது. முப்பது ஆண்டுப் பழைய எலும்பில் கிடைக்கும் வாய்ப்பு இதைவிட மிக அதிகம். ஆனால் ஒப்பிட உறவினரின் மாதிரி இல்லாவிட்டால் அதனால் பெயர் சொல்ல முடியாது.

யாழ்ப்பாணம் செம்மணியில் உறவினரின் மாதிரிகளைச் சேர்ப்பதுதான் அவசரம். கொலைக் குற்றத்தில் தண்டனை பெற்ற ராணுவ வீரர் ஒருவர் 1998இல் நீதிமன்றத்தில் நூற்றுக்கணக்கானோர் அங்கே புதைக்கப்பட்டதாகச் சொன்னார். அடுத்த ஆண்டு 15 உடல்கள் எடுக்கப்பட்டன. 2025இல் சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. நீல நிறப் பள்ளிப் பை, பொம்மை, வளையல் போன்றவை உடன் கிடைத்தன. அடையாளம் காண்பதற்காக அவை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

ஆர்ஜென்டினாவில் பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார் கேட்டு வாங்கிய தேசிய மரபணுத் தரவு வங்கி 1987இல் சட்டத்தால் உருவானது. மாதிரி கொடுத்த பாட்டி இறந்த பிறகும் அவருடைய பேரன் அந்த வங்கியால் கண்டறியப்படுகிறான். இலங்கையின் வடக்கில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 2017 பெப்ரவரியிலிருந்து தெருவோரத்தில் போராடும் தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே போய்விட்டார்கள். தாய்வழி வரும் மரபணு உடன்பிறந்தவர்களிடமும், தாயின் சகோதரியிடமும், சகோதரியின் பிள்ளைகளிடமும் இருக்கிறது. ஆனால் தாயிடமும் தந்தையிடமும் எடுக்கும் மாதிரிக்கு உள்ள உறுதி அவற்றுக்கு இல்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தாலே மாதிரி கிடைத்துவிடும். அதற்கு எந்தக் குழியும் தோண்டி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.