கோர்ட்டில் தோற்றது சொந்தப் பெயர். வீட்டுப்பாடத்தில் கிடைத்தது 'ஆடி': ஒரு கார் பிராண்டின் கதை

சிக்னலில் நான்கு வளையம் போட்ட கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றால், ஒரு செகண்டாவது திரும்பிப் பார்ப்போம். 'ஆடித் தள்ளுபடியில கிடைக்குமா?' என்ற பழைய ஜோக்கும் கூடவே வரும். ஜெர்மானியர்கள் இதை 'அவ்டி' என்பதுபோல உச்சரிப்பார்கள் என்பது தனிக்கதை. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது, தான் தொடங்கிய கம்பெனியை விட்டு வெளியேறிய ஒரு நிறுவனரின் சிக்கல். ஸ்டார்ட்-அப் உலகில் இருப்பவர்களுக்கு இது ரொம்பவே பரிச்சயமாகத் தெரியும்.

ஆகஸ்ட் ஹோர்க் ஒரு பொறியாளர். ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் பென்ஸிடம் வேலை பார்த்தவர். 1899-ல் வேலையை விட்டுவிட்டு, கொலோன் நகரில் தன் பெயரிலேயே கார் நிறுவனம் ஆரம்பித்தார். அது பிறகு ட்ஸ்விக்காவ் என்ற ஊருக்கு மாறியது. கார்களுக்கு நல்ல பெயர். ஆனால் முதலீட்டாளர்களின் பணம் வந்தால் அவர்களின் குரலும் வரும் அல்லவா? நிர்வாகத்தில் இருந்தவர்களோடு மோதல் முற்றி, 1909-ல் ஹோர்க் வெளியேறினார்.

சும்மா உட்காரவில்லை மனிதர். அதே ஆண்டு, அதே ஊரில், இன்னொரு கார் கம்பெனியைத் தொடங்கினார். அதற்கும் தன் பெயரையே வைத்தார். பழைய கம்பெனி வழக்குப் போட்டது. 'ஹோர்க்' எங்கள் வணிகப் பெயர், நீங்கள் பயன்படுத்தக் கூடாது என்பது அவர்கள் வாதம். அவருக்குப் பிறப்பிலேயே வந்த பெயர்தான். ஆனாலும் கோர்ட்டில் தோற்றார்.

அடுத்து என்ன பெயர் வைப்பது? நண்பர் ஃபிகென்ட்ஷரின் வீட்டில் கூடிப் பேசினார்கள். அதே அறையின் மூலையில் நண்பரின் மகன் லத்தீன் வீட்டுப்பாடம் படித்துக்கொண்டிருந்தான். பலமுறை ஏதோ சொல்ல வந்து வந்து விழுங்கியவன், கடைசியில் கேட்டே விட்டான்: ஹோர்க் என்பதற்குப் பதிலாக ஆடி என்று வைத்தால் என்ன?

ஜெர்மன் மொழியில் 'ஹோர்க்' என்றால் 'கேள், காது கொடு' என்று அர்த்தம். லத்தீனில் 'ஆடி' என்றாலும் அதேதான்! ஆக, அவர் பெயரே வேறு மொழியில் திரும்பி வந்துவிட்டது. கோர்ட்டாலும் தடுக்க முடியாது. 1910 ஏப்ரலில் கம்பெனியின் பெயர் அதிகாரபூர்வமாக மாறியது.

சட்டம் படித்தவர்களுக்கு இந்த லத்தீன் சொல் புதிதல்ல. 'ஆடி ஆல்டெரம் பார்ட்டெம்', அதாவது மறுதரப்பையும் கேள் என்பது இயற்கை நீதியின் அடிப்படை விதி. 1978-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னதும் இதைத்தான். அதில் வரும் ஆடியும் காரின் பெயரும் ஒரே சொல்தான்.

சரி, அந்த நான்கு வளையங்கள்? 1932-ல் பொருளாதார மந்தத்தின் நடுவே நான்கு கம்பெனிகள் சேர்ந்து 'ஆட்டோ யூனியன்' ஆனதன் அடையாளம் அது. அந்த நான்கு: ஆடி, டி.கே.டபிள்யூ, வாண்டரர், ஹோர்க். ஆமாம், வழக்குப் போட்ட அதே ஹோர்க்தான். ஒருவரோடு ஒருவர் கோர்ட்டில் நின்ற இரண்டு கம்பெனிகளும் ஒரே சின்னத்துக்குள் வந்து உட்கார்ந்தன.

போருக்குப் பிறகு ட்ஸ்விக்காவ் சோவியத் பகுதிக்குள் போனது. ஆட்டோ யூனியன் மேற்கே இங்கோல்ஸ்டாட்டில் புதிதாகத் தொடங்கியது, 'ஆடி' என்ற பெயர் மட்டும் பல வருடம் தூங்கியது. ஹோர்க் 1951-ல் இறந்துவிட்டார். ஃபோக்ஸ்வாகன் கைக்கு ஆட்டோ யூனியன் வந்த பிறகு, 1965-ல்தான் அந்தப் பெயரில் மறுபடியும் கார் வந்தது.

2021-ல் ஆடி தன் உச்சகட்ட சொகுசு செடானின் ஒரு வடிவத்தைச் சீனச் சந்தைக்காக அறிமுகப்படுத்தியது. அதற்கு வைத்த பெயர், 'ஏ8 எல் ஹோர்க்'.