சமபலமும் பாதுகாப்பும்: பாடசாலை றக்பி பற்றிச் சில குறிப்புகள்

எமது சஞ்சிகைகள் இலக்கியம் பேசுகின்றன, தேசியம் பேசுகின்றன, சாதியும் பெண்ணியமும் பேசுகின்றன. விளையாட்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அது தினசரிகளின் கடைசிப் பக்கத்துக்குரியது என்ற எண்ணம் எம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் ஒரு சமூகம் தன் பிள்ளைகளின் உடலை எவரிடம், எந்த நிபந்தனையில் ஒப்படைக்கிறது என்பதை அறிய வேண்டுமாயின் பாடசாலை மைதானத்தைப் பார்ப்பதே போதும். இக்கட்டுரை றக்பியைப் பற்றியது. குறிப்பாக, வசதி படைத்த தனியார் பாடசாலைகள் ஆடும் றக்பியைப் பற்றியது. அணிகளுக்கிடையிலான சமபலம் ஒரு பிரச்சினை, வீரர்களின் பாதுகாப்பு இன்னொரு பிரச்சினை என்றே பொதுவாகப் பேசப்படுகிறது. இவை இரண்டல்ல, ஒன்றே என்பதுதான் நான் இங்கு விளக்க முற்படுவது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எம்மிற் பலருக்கு இவ்வாட்டம் அந்நியமானது. எமக்குக் கிரிக்கெட்தான், 1904இல் தொடங்கிய, யாழ் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான பெரும்போட்டிதான். றக்பி கண்டியினதும் கொழும்பினதும் ஆட்டமாகவே இருந்தது. எல். ஈ. பிளேஸ் 1891இல் கண்டியில் நிறுவிய கிங்ஸ்வூட் கல்லூரியே அதனை இலங்கைப் பாடசாலைகளுக்குள் கொண்டுவந்தது. 1906இல், பிரித்தானிய மிஷனரியான ஏ. ஜி. பிறேசர் அதிபராயிருந்த கண்டி திரித்துவக் கல்லூரி கிங்ஸ்வூட்டை எதிர்த்துப் போகம்பரையில் ஆடியது. இலங்கையில் இரு பாடசாலைகள் மோதிய முதல் றக்பிப் போட்டி அது. 1945இல் கொழும்பு றோயல் கல்லூரிக்கும் திரித்துவக் கல்லூரிக்கும் இடையே பிரட்பி கேடயப் போட்டி தொடங்கியது. கண்டியில் ஒன்று, கொழும்பில் ஒன்று என இரு ஆட்டங்கள். இரண்டின் புள்ளிகளையும் கூட்டி வெற்றி தீர்மானிக்கப்படும். ஒரு தரத்துப் பாடசாலைகள் தமக்குள் பேசி ஒழுங்குசெய்துகொண்ட ஆட்டங்கள் இவை. இந்த வட்டம் மேட்டுக்குடித் தன்மை கொண்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் எதிராளியைத் தேர்ந்துகொள்வதிலேயே ஒருவகைச் சமபலம் பேணப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

சமபலம் குலைந்தால் என்ன நடக்கிறது? கிரிக்கெட்டில் பலவீனமான அணி நாற்பது ஓட்டங்களுக்குச் சுருண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு போகலாம். அவமானம் மிஞ்சும், உடம்பு பெரும்பாலும் தப்பிவிடும். றக்பியில் தோல்வி உடம்பின் வழியாகவே நிகழ்கிறது. பத்தொன்பது வயதுக்குட்பட்டோரின் ஆட்டம் எழுபது நிமிடம். பந்தை ஏந்தி ஓடுபவனை இடுப்பிலோ காலிலோ கட்டிப்பிடித்து வீழ்த்துவதே தற்காப்பு. இந்த ஆட்டத்தில் மிக அதிகமான காயங்கள் இவ்வாறு வீழ்த்தும்போதே நேர்கின்றன. மூளை அதிர்ச்சியோ வீழ்த்தப்படுபவனை விட வீழ்த்துபவனுக்கே கூடுதலாக நேர்கிறது. இப்போது கணக்கைப் பாருங்கள். பலவீனமான அணியிடம் பந்து இருப்பதில்லை. ஆகவே எழுபது நிமிடமும் வீழ்த்த வேண்டியவர்கள் அவர்களே. தம்மிலும் இருபது கிலோ பாரமானவனை, களைத்த கால்களோடு, தலையை எந்தப் பக்கம் வைப்பதென்ற நிதானமும் போன பின்னர் வீழ்த்த வேண்டும்.

ஸ்கிரம் எனப்படும் முட்டுமோதலிலும் இதே நியதிதான். இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் பிணைந்து நின்று தள்ளுகிறார்கள். முன்வரிசையின் நடுவில் நிற்பவனின் இரு கைகளும் அயலவரின் தோள்களில் கட்டுண்டிருக்கும். ஸ்கிரம் குலைந்து விழுந்தால் கையூன்ற முடியாது. பாரம் கழுத்துக்கே வரும். இதனால்தான் பத்தொன்பது வயதுக்குட்பட்டோரின் ஆட்டத்தில் ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக்கூடாது என்றும், பயிற்சி பெற்ற முன்வரிசை இல்லாவிடில் தள்ளாமலே ஸ்கிரம் அமைக்க வேண்டும் என்றும் விதிகள் உள்ளன. சமமற்ற பலம் ஆபத்தானது என்பதை ஆட்டத்தின் விதிகளே ஒப்புக்கொள்கின்றன எனலாம்.

இன்னொன்று, மாற்று வீரர்கள். வசதியான பாடசாலையின் வாங்கில் இருப்பவன் களத்தில் ஆடுபவனுக்குச் சமமானவன். வசதியற்ற பாடசாலையின் வாங்கில் யாருமில்லை, அல்லது பதினாறு வயதுப் பையன் இருக்கிறான். ஆகவே தலையில் அடிபட்டவன் 'எனக்கொன்றுமில்லை சேர்' என்று எழுந்து நிற்கிறான். 2011 ஜனவரியில் வட அயர்லாந்தின் கரிக்பேர்கஸ் நகரில் நடந்த பாடசாலை ஆட்டமொன்றில் பதினான்கு வயது மாணவன் ஒருவன் தலையில் அடிபட்ட பின்னரும் தொடர்ந்து ஆடி உயிரிழந்தான். முதல் அடியிலிருந்து மூளை தேறுமுன் இரண்டாவது அடி விழுந்ததே காரணம் என 2013இல் மரண விசாரணை முடிவு கூறியது. அடிபட்டவனை வெளியே எடு என்ற விதி காகிதத்தில் இருப்பது போதாது. அவனை வெளியே எடுத்தாலும் அணி நிற்கும் என்ற நிலைமை இருக்க வேண்டும்.

இதை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது விரிவுரை மண்டபமல்ல, இங்கு நான் வேலைசெய்யும் ஆலை. பல்லரோவில் இருந்து விடியப்புறம் புறப்பட்டு அங்கு போய்ச் சேர்கிறேன். எங்கள் பெல்ட்டின் வேகத்தைத் தீர்மானிப்பவர்கள் மிகத் திறமையான இரண்டு மூன்று பேர். புதிதாக வந்தவன் அவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தப்படும்போதுதான் விரல் நசிகிறது. கையுறை கொடுத்தாயிற்று, சுவரில் எச்சரிக்கை ஒட்டியாயிற்று என்பார்கள். வேகத்தைப் பற்றி எவரும் பேசமாட்டார்கள். பாடசாலை றக்பியிலும் தலைக்கவசம், பற்காப்பு பற்றி எவ்வளவோ பேசப்படுகிறது. யாரை யாருக்கு எதிரே நிறுத்துகிறோம் என்ற கேள்வியே தவிர்க்கப்படுகிறது.

அக்கேள்வியை வெளிப்படையாகக் கேட்டவர்கள் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகர அதிபர்கள். அங்கே முதல்தரப் பாடசாலைப் போட்டியில் ஆடிய தனியார் பாடசாலையான செயின்ற் கென்ரிகேர்ண் கல்லூரி, பிற பிரதேசங்களில் ஏற்கெனவே பெயரெடுத்த வீரர்களைத் தன்னிடம் சேர்த்துக்கொள்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2018 டிசம்பரில் ஏனைய பத்துப் பாடசாலைகளின் அதிபர்களும் 2019இல் அக்கல்லூரியோடு ஆடமாட்டோம் எனக் கூட்டாக அறிவித்தனர். பாடசாலை மாறிவரும் வீரர்கள் பற்றிய புதிய கட்டுப்பாடுகள் பேசி முடிக்கப்பட்ட பின்னரே பிணக்குத் தீர்ந்தது. அந்தப் பத்தும் ஏழைப் பாடசாலைகளல்ல. தனியார் கல்லூரிகளும் பழம்பெருமை பேசும் அரசாங்கப் பாடசாலைகளும் அவற்றில் இருந்தன. ஆட்சேர்ப்பில் தாமும் புனிதரல்லர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆயினும் ஓரிடத்தில் கோடு கிழிக்க அவர்கள் முன்வந்தது முக்கியமானது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. வறிய வீட்டுப் பையனுக்குப் பெரிய பாடசாலையின் கதவு வேறெப்படித் திறக்கும்? அவனது தோள்வலிமை அவனுக்குப் படிப்பைத் தருமாயின் அதைத் தடுக்க நாம் யார்? இது எனக்கு வெறும் தத்துவக் கேள்வியல்ல. இலண்டனில் இருக்கும் என் தங்கையின் மகனுக்குப் பதினைந்து வயது. தனியார் பாடசாலை ஒன்று றக்பிக்காக அவனது கட்டணத்தில் பெரும்பகுதியைக் கழிப்பதாகக் கூறியிருக்கிறது. 'அண்ணை, ஓமெண்டு சொல்லட்டோ?' என்று தொலைபேசியில் கேட்டாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லும் உரிமையும் எனக்கில்லை. நான்கு கேள்விகளை எழுதிக் கேட்கச் சொன்னேன். முழங்கால் போய்விட்டால் படிப்பு முடியும்வரை இச்சலுகை தொடருமா? அவன் தன் வயதுக்காரரோடு ஆடுவானா, பதினெட்டு வயதுக்காரரோடு நிறுத்தப்படுவானா? தலையில் அடிபட்டால் வெளியே எடுக்கும் முடிவு பயிற்றுநருடையதா, மைதானத்தில் நிற்கும் மருத்துவருடையதா? எடை கூட்டச் சொல்வார்களா, எதைச் சாப்பிட்டு? தென்னாபிரிக்காவின் கிறேவன் வாரம் எனப்படும் பாடசாலை றக்பித் திருவிழாவில் ஊக்கமருந்து உட்கொண்ட மாணவர்கள் ஒருமுறையல்ல, பலமுறை பிடிபட்டிருக்கிறார்கள். இந்நான்காவது கேள்வி அநாவசியமானதல்ல.

உடலைக் காட்டிப் பெறும் கல்வி, உடல் சேதமானதும் பறிபோகுமாயின் அது புலமைப்பரிசிலல்ல, கூலி ஒப்பந்தம். அதிலும் காயத்துக்கு நட்டஈடில்லாத ஒப்பந்தம். ஆகவே எதிர்வாதத்துக்கு என் பதில் இதுதான்: கதவு திறக்கட்டும், ஆனால் பையன் உள்ளே வந்தது மாணவனாக என்று எழுத்தில் இருக்கட்டும்.

செய்யக்கூடியவை இல்லாமலில்லை. இத்தாலியில் 1982ஆம் ஆண்டின் அரசாணைப்படி, போட்டி விளையாட்டில் இறங்கும் எவரும், சிறுவர்கள் உட்பட, விளையாட்டு மருத்துவரிடம் பரிசோதனை செய்து சான்றிதழ் பெற வேண்டும். பந்தடிக்கப் பிள்ளைகளை அனுப்பும் பல்லரோத் தமிழ்க் குடும்பங்களுக்கு அக்காகிதத்தை நன்கு தெரியும். பதினேழு வயது மாணவியான ரோவன் ஸ்ரிங்கர் 2013இல் றக்பி ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து, கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2018இல் அவரது பெயராலேயே மூளை அதிர்ச்சி பற்றிய சட்டமொன்றை நிறைவேற்றியது. ரொறன்ரோவில் பிள்ளைகள் உள்ள வாசகர்கள் அதன் படிவங்களில் கையெழுத்திட்டிருப்பார்கள். வாசித்துக் கையெழுத்திட்டீர்களா என்பதே என் கேள்வி. பிரித்தானியாவில் 2016இல் எழுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களும் கல்வியாளர்களும் பாடசாலைகளில் வீழ்த்தும் றக்பியையே தடைசெய்யுமாறு பகிரங்கக் கடிதம் எழுதினர். அது ஏற்கப்படவில்லை. ஆயினும் 2023இல் வெளியான வழிகாட்டல், மூளை அதிர்ச்சி அடைந்தவர் 21 நாட்களுக்கு முன் போட்டிக்குத் திரும்பக்கூடாது என்கிறது.

தடை வேண்டும் என்பது என் நிலைப்பாடல்ல. தாம் விரும்பி மோதும் இளைஞரின் மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் மேற்சொன்ன சட்டங்களெல்லாம் அடிபட்ட பின்னரோ ஆடுவதற்கு முன்னரோ தனியொரு உடலைப் பார்க்கின்றன. இரு உடல்களுக்கிடையிலான வித்தியாசத்தைப் பார்ப்பவை வேறு: ஒக்லாந்தில் உள்ளதுபோல எடை வரம்பிட்ட பிரிவுகள், ஒரே வயதினருள்ளும் உடல் முதிர்ச்சி கொண்டு பிரித்தல், பலத்துக்கேற்பப் படிநிலை அமைத்தல், தோற்கும் அணியின் ஆசிரியர் வெட்கமின்றி ஆட்டத்தை நிறுத்தக்கூடிய ஏற்பாடு. இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. வெல்லும் பாடசாலை தன் வெற்றியில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அதுதான் கடினம்.

இது றக்பியோடு முடிகிற விடயமுமல்ல. புலம்பெயர்ந்த நகரங்களெங்கும் எமது கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் உள்ளன. இராப்போசனம் வைத்துக் காசு சேர்த்து ஊருக்கு அனுப்புகிறோம். அதில் ஒரு பகுதி விளையாட்டுக்குப் போகிறது, போகட்டும். ஆனால் நாம் வாங்குவது என்ன? கேடயமா, பிள்ளைகளின் ஆரோக்கியமா? அடுத்த ஆண்டுக் கணக்கறிக்கை வாசிக்கப்படும்போது, சீருடைக்கும் பயிற்றுநருக்கும் எவ்வளவு, மைதானத்தில் நிற்க வேண்டிய மருத்துவ உதவியாளருக்கு எவ்வளவு என்று எவராவது எழுந்து கேட்கலாம். எதிரணியாக வந்து தோற்றுப்போன கிராமத்துப் பாடசாலைக்கு எவ்வளவு என்றும் கேட்கலாம்.