கருவிப் பெட்டிக்கும் ஒரு கணக்கு உண்டு

வயரிங், வெல்டிங், ஏர்கான் பழுதுபார்த்தல் போன்ற தொழிற்பயிற்சிகளில் சேர்ந்திருக்கும் என் நண்பர்கள் பலர், “எஸ்.கே.எம். சான்றிதழ் வந்ததும் சொந்தமாகத்தான் தொழில் செய்வேன்” என்கிறார்கள். நல்ல முடிவு. ஆனால், தொழில் தொடங்கும் அன்றே இன்னொரு வேலையும் அவர்கள் தலையில் ஏறுகிறது. அது கணக்கு எழுதும் வேலை.

நான் கணக்கியல் மாணவி. என் அண்ணன் ஏர்கான் பழுதுபார்ப்பவர். அவருடைய வருமான வரிப் பாரத்தை நிரப்ப உட்கார்ந்தபோது, “வந்த காசுக்கு வரி கட்டணும், அவ்வளவுதானேம்மா?” என்று கேட்டார். இல்லை. அந்தக் காசைச் சம்பாதிக்க ஆன செலவைக் கழித்துவிட்டு, மிஞ்சும் தொகைக்குத்தான் வரி.

செலவு இரு வகை

முதல் வகை, அன்றாடம் கரைந்து போகும் செலவு. ஏர்கானுக்கு அடைக்கும் கேஸ், செப்புக் குழாய், வேலைக்குப் போகும் பெட்ரோல், டோல், உதவியாளர் சம்பளம், கருவிகளைப் பழுதுபார்க்கும் செலவு எல்லாம் இதில் அடங்கும். முழுக்க முழுக்கத் தொழிலுக்காகச் செலவிட்டதாக இருந்தால், அந்த ஆண்டின் வருமானத்திலிருந்தே கழிக்கலாம். உங்கள் மதிய உணவு, போக்குவரத்து சம்மன், உங்களுக்கு நீங்களே எடுத்துக்கொள்ளும் ‘சம்பளம்’ ஆகியவை இதில் சேரா.

இரண்டாம் வகை, பல ஆண்டுகள் உழைக்கும் பொருள்: வேன், வெல்டிங் இயந்திரம், வேக்கும் பம்ப், துளையிடும் கருவி. இவற்றின் விலையைச் செலவுக் கணக்கில் எழுத முடியாது. ஆனால், ‘எலாவுன் மோடல்’ என்ற பெயரில் மூலதனக் கழிவு கிடைக்கிறது. பொது இயந்திரங்களுக்கு முதல் ஆண்டில் தொடக்கக் கழிவு 20 விழுக்காடு. அதோடு ஆண்டுக் கழிவு 14 விழுக்காடு. வாகனத்திற்கு ஆண்டுக் கழிவும் 20 விழுக்காடு. விலை முழுவதும் கழியும்வரை ஆண்டுக் கழிவு தொடரும்.

சிறிய கருவிகளுக்கு இன்னும் எளிய வழி உண்டு. ஒன்றின் விலை 2,000 ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால், முழு விலையையும் ஒரே ஆண்டில் கழித்துவிடலாம். இப்படிக் கழிக்கும் கருவிகளின் மொத்த விலை ஆண்டுக்கு 20,000 ரிங்கிட்டுக்குள் இருக்க வேண்டும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: தொடங்கப்போகும் தொழிலுக்காக முன்கூட்டியே வாங்கிய கருவி, தொழில் தொடங்கிய நாளில் வாங்கியதாகவே கருதப்படும். ஆகவே, இப்போது வாங்கும் கருவியின் ரசீதையும் எறிந்துவிடாதீர்கள்.

ரசீதின் விலை 5,790 ரிங்கிட்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். திருமணமாகாத ஒருவர் ஆண்டு முழுதும் வாடிக்கையாளர்களிடம் 90,000 ரிங்கிட் பெறுகிறார். அன்றாடச் செலவு 38,000 போக 52,000 மிஞ்சுகிறது. தொழிலுக்கு மட்டுமே பயன்படுத்தும் பழைய சரக்கு வேன் ஒன்றை 30,000 ரிங்கிட் ரொக்கம் கொடுத்து வாங்கியிருக்கிறார். முதல் ஆண்டில் அதற்கான கழிவு 40 விழுக்காடு, அதாவது 12,000. சிறிய கருவிகளுக்கு 5,000. மீதி 35,000. தனிநபர் வரி விலக்கு 9,000 போனால் 26,000.

இதற்கு இப்போதைய விகிதப்படி வரி 330 ரிங்கிட். வரிக்குரிய வருமானம் 35,000-ஐத் தாண்டாதவர்களுக்கு 400 ரிங்கிட் தள்ளுபடி இருப்பதால், கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

அதே மனிதரிடம் ஒரு ரசீதுகூட இல்லை என்று வைத்துக்கொள்வோம். எந்தச் செலவையும் நிரூபிக்க முடியாது. 90,000-இல் தனிநபர் விலக்கு மட்டும் போய், 81,000-க்கு வரி 5,790 ரிங்கிட். உழைப்பு ஒன்றுதான். வேறுபாடு காகிதத்தில் இருக்கிறது.

வேனைத் தவணையில் வாங்கினால் கணக்கு சற்று மாறும். அந்த ஆண்டில் கட்டிய அசலுக்குத்தான் மூலதனக் கழிவு. வட்டி அன்றாடச் செலவில் சேரும். வார இறுதியில் குடும்பத்தோடு வெளியே போகவும் அதே வேன்தான் என்றால், தொழிலுக்கு ஓடிய பங்குக்கு மட்டுமே கழிவு. வருமானம் குறைந்த ஆண்டில் கழிவு மிஞ்சினால் வீணாகாது. அதே தொழிலின் அடுத்த ஆண்டு வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்.

குறுக்கு வழி வேண்டாம்

“நண்பனின் பெட்ரோல் ரசீதையும் சேர்த்துக்கொள்ளலாமே” என்று ஆலோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். குறைத்துக் காட்டிய வரியின் அளவுக்கே அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இன்னொரு இழப்பும் உண்டு. சம்பளச் சீட்டு இல்லாதவர் வீட்டுக் கடனுக்குப் போனால், வங்கி கேட்பது வரிப் பாரத்தையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும்தான். பொய்ச் செலவு காட்டி வருமானத்தைச் சுருக்கியவர், அங்கே கடன் வாங்கும் தகுதியையும் சுருக்கிக்கொள்கிறார்.

இன்றே பழகலாம்

தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் பதிவு செய்ய வேண்டும். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. கடை ரசீதுகளின் மை சில மாதங்களில் மங்கிவிடும்; வாங்கிய அன்றே கைப்பேசியில் படமெடுத்து, எந்த வேலைக்கு என்று குறித்து வையுங்கள். ஆவணங்களை 7 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். தொழில் வருமானம் உள்ளவர்கள் பி பாரத்தை மறு ஆண்டு ஜூன் 30-க்குள் அனுப்ப வேண்டும்.

கணக்கியல் படிக்கும் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வயரிங் படிக்கும் நண்பன் உங்கள் வீட்டு ஃபேனைச் சரிசெய்து கொடுத்தால், பதிலுக்கு ஒரு மாலை அவனோடு உட்கார்ந்து ரசீதுகளை வகை பிரித்துக் கொடுங்கள். அவனுக்கு வரி மிச்சமாகும். நமக்குப் பாடநூலில் படித்தது கைவேலையாகும்.